கைகாட்டியில் எந்த ஊர்? செயலிக்கு அறிமுகப் பக்கம் அமைத்தல்

1896-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் தேதி, அண்ணனுடைய கல்லூரிச் சம்பளத்திற்கென்று வைத்திருந்த 5 ரூபாயில் 3 ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியை ஒரு கடிதத்தோடு வீட்டிலேயே வைத்துவிட்டு, பின்னாளில் ரமணர் எனப்பட்ட வேங்கடராமன் என்னும் 16 வயதுப் பிள்ளை திருவண்ணாமலைக்குப் போக மதுரை ரயிலடிக்குப் புறப்பட்ட வரலாற்றை ரமணாசிரமத்தின் சுற்றுப்புறத்தில் குடியிருப்பவர் எவரும் பலமுறை கேட்டிருப்பர். அவர் பார்த்த தேசப்படம் பழையது. அண்ணாமலைக்குக் கிட்டின ஸ்டேஷன் திண்டிவனம் என்றே அதில் கண்டிருந்தபடியால், 2 ரூபாய் 13 அணா கொடுத்து அந்த ஊருக்கே சீட்டு வாங்கினார். விழுப்புரத்தில் மாறினால் திருவண்ணாமலைக்கே ரயிலில் போய்விடலாம் என்பதை வண்டியில் உடன் வந்த ஒரு மௌல்வி சொல்லித்தான் அறிந்தார். விழுப்புரத்தில் இறங்கி, பொழுது புலர்ந்ததும் ஊருக்குள் நடந்து, திருவண்ணாமலைக்குப் பாதை எது என்று கைகாட்டிகளை ஒவ்வொன்றாய்ப் பார்த்துக்கொண்டு வந்தவரின் கண்ணில் பட்ட பெயர் மாம்பழப்பட்டு. அந்த ஊர் திருவண்ணாமலைக்குப் போகும் மார்க்கத்தில்தான் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. அதே ஊருக்குத்தான் பின்னர் ரயில் சீட்டு வாங்கிப் போனார். அதற்குமேல் கையில் காசில்லாமையால் நடந்தார்.

அந்தக் கைகாட்டியில் பொய் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. வழி சரி, திசை சரி, எழுத்தும் பிழையற்றதாகவே இருந்திருக்கும். ஆயினும், எந்த ஊரை மனத்தில் வைத்துக்கொண்டு ஒருவன் அதன் முன்னே வந்து நிற்கிறானோ, அந்த ஊரின் பெயர் அதில் இல்லாமற் போனதால், அத்தனை சரியும் அவனுக்குப் பிரயோஜனப்படவில்லை. கைபேசிச் செயலிகளுக்காக இக்காலத்தில் அமைக்கப்படும் அறிமுகப் பக்கங்களில் நான் பார்த்தவற்றுள் பெரும்பாலானவை இந்தக் குற்றத்தையே செய்கின்றன. செய்தவர்கள் தாம் எழுப்பிய மாம்பழப்பட்டுகளின் பெயர்களை வரிசையாக எழுதி வைக்கிறார்கள். படிக்க வந்தவன் திருவண்ணாமலையைத் தேடிக்கொண்டிருக்கிறான்.

தொழிலில் உள்ளோர் இத்தகைய பக்கத்தை 'லேண்டிங் பேஜ்' என்கின்றனர். 'இறங்கு பக்கம்' என்று சிலர் மொழிபெயர்க்கிறார்கள். படகுத்துறையின் ஞாபகம் வருவதால் எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அறிமுகப் பக்கம் என்றே இந்நூலில் சொல்லி வருகிறேன். ஒரு நிறுவனத்தின் இணையத்தளத்தில் நூறு காரியங்களுக்கு நூறு கதவுகள் இருக்கலாம். அறிமுகப் பக்கத்திற்கோ ஒரே காரியந்தான்: எங்கிருந்தோ ஒரு சுட்டியைத் தொட்டு வந்தவர், இந்தச் செயலி தமக்கு வேண்டியதா வேண்டாததா என்று தீர்மானித்து, வேண்டியதாயின் அதைத் தம் கைபேசியில் இறக்கிக்கொள்ளும்படி செய்வது.

பாடத்தை ஆகாயத்தில் நடத்தாமல் தரையில் நடத்தும் பொருட்டு, எங்கள் தெருப் பிள்ளைகள் மூவர் கிரிவலம் வருவோருக்கென்று செய்துகொண்டிருக்கும் ஒரு சிறு செயலியையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். திருவண்ணாமலையில் அருணாசல மலையைச் சுற்றியுள்ள 14 கிலோமீட்டர் பாதையில் இந்திரலிங்கம் முதல் ஈசான்யலிங்கம் வரையிலான எட்டு லிங்கங்களும் எங்கெங்கே இருக்கின்றன, அடுத்த குடிநீர்க் குழாய்க்கும் கழிப்பிடத்துக்கும் இன்னும் எவ்வளவு தூரம், நடந்து முடித்தபின் ஊர் திரும்பப் பஸ் எங்கே நிற்கிறது என்பவற்றை அது சொல்லும். அறிமுகப் பக்கத்தை வரையுமுன் நான் அவர்களைக் கேட்டது ஒரே கேள்வி: இந்தப் பக்கத்துக்கு ஆள் எந்த வாசல் வழியாக வருவான்? பதில் சொல்ல ஒரு மாலைப்பொழுது முழுவதும் ஆயிற்று. செங்கம் சாலைச் சுவரில் ஒட்டிய க்யூ.ஆர். கட்டத்தைப் படம்பிடித்து வருகிறவன், நடந்துகொண்டே, வெறுங்காலோடு, ஒரு கையில் தண்ணீர் பாட்டிலும் தோளில் தூங்கும் குழந்தையுமாக, இன்னொரு கையின் கட்டைவிரல் ஒன்றால் வருகிறான். வாட்ஸ்அப்பில் மைத்துனர் அனுப்பிய சுட்டியைத் தொட்டு வருகிறவள், வேலூரிலோ விழுப்புரத்திலோ வீட்டு நாற்காலியில் அமர்ந்து, இந்த மாதப் பௌர்ணமிக்குக் கிளம்பலாமா என்ற யோசனையோடு வருகிறாள். தேடுபொறியில் 'கிரிவலம் நேரம்' என்று தட்டி வருகிறவனுக்கு வேண்டியது நேரம் ஒன்றே; செயலி என்று ஒன்று உண்டென்பதே அவன் அறியாதது. ஒரே பக்கம் இம்மூவருக்கும் முகங்கொடுக்க வேண்டும். யார் வருகிறார் என்று முடிவு செய்யாமல் நிறமும் படமும் தேர்ந்தெடுக்க உட்காருவது, விருந்தாளிகளின் எண்ணிக்கை தெரியாமல் உலை வைப்பதைப் போன்றது.

அவர்கள் எழுதிய முதற்படி அழகாகவே இருந்தது. மேலே அருணாசல மலையின் சூரியோதயப் படம், அதன்மீது வெள்ளை எழுத்தில் 'உங்கள் ஆன்மிகப் பயணத்தின் டிஜிட்டல் தோழன்' என்ற வாசகம், கீழே, 'ஜி.பி.எஸ். வசதி', 'நவீனத் தொழில்நுட்பம்', 'எளிய வடிவமைப்பு' என்று மூன்று வட்டங்கள். ஆசிரமத்து வாயிலுக்குச் சற்றுத் தள்ளிப் பூக்கட்டி விற்கும் மூதாட்டி ஒருவரிடம் அந்தக் கைபேசியைக் கொடுத்து, மனத்துக்குள் ஐந்து எண்ணும் நேரம் பார்க்கவிட்டு, திரும்ப வாங்கிக்கொண்டு, "என்ன பாட்டி, இது எதுக்குன்னு தெரியுதா?" என்று கேட்டோம். அவர் தொடுத்துக்கொண்டிருந்த சரத்தைக் கீழே வைக்காமலே, "ஏன் சாமி, இதுல ரூமு கெடைக்குமா?" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள், நான் சிரிக்கவில்லை. இந்தப் பகுதியில் மலைப்படம் போட்ட விளம்பரம் என்றாலே தங்கும் அறை என்றுதான் பொருள். அப்படிப்பட்ட பலகைகளை அந்த அம்மாள் தினமும் நூறு பார்க்கிறார். அவர் தவறாகப் புரிந்துகொண்டார் என்று சொல்வதற்கில்லை. எதையும் சொல்லாத வாசகத்திலிருந்து அனுபவத்தைக்கொண்டு ஊகிக்கக்கூடியதை நியாயமாக ஊகித்தார்.

தோழன், பயணம், அனுபவம், உலகம் என்னும் சொற்கள் எந்தச் செயலிக்கும் பொருந்துபவை. ஆகையால் எதற்கும் பொருந்தாதவை. தலைப்பு வாசகத்தை எழுதுவதற்கு நான் கையாளும் உபாயம் யாதெனில், வந்தவன் வாய்விட்டுக் கேட்கும் கேள்வியை அவன் பேச்சிலேயே ஒரு தாளில் எழுதி, அதன் நேரே விடையை எழுதிப் பிறகு கேள்வியை அழித்துவிடுவது. 'நான் யார்?' என்னும் சிறு நூல்கூட, 1902-ஆம் ஆண்டு வாக்கில் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு, அப்போது பேசாதிருந்த ரமணர் மணலிலும் பலகையிலும் எழுதிக் காட்டிய விடைகளிலிருந்து பிறந்ததுதான். விரலால் மணலில் எழுதுகிறவன் ஒரு சொல்லையும் வீணாக்கமாட்டான். கைபேசித் திரையின் அகலமும் ஏறக்குறைய அந்த மணற்பரப்பின் அகலந்தான். எங்கள் பிள்ளைகள் இறுதியில் எழுதியது இது: 'கிரிவலப் பாதையில் அடுத்த தண்ணீர், கழிப்பிடம், லிங்கம் எவ்வளவு தூரத்தில்? நெட் இல்லாமலும் காட்டும்.' கவிதை இல்லை. ஆனால் பூக்காரப் பாட்டி இந்த முறை, "நடக்கறவங்களுக்கா?" என்றார்.

தலைப்புக்கு அடுத்து வைக்கவேண்டியது எது என்பதில் எங்களுக்குள் சிறு தர்க்கம் நிகழ்ந்தது. உடனே பொத்தானை வைக்கவேண்டும் என்றனர் அவர்கள். பௌர்ணமிதோறும் கிரிவலத்துக்கு உகந்த நேரம் எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்று கோயில் நிர்வாகம் அறிவிக்கிறதே, அந்த நேரத்தை, செயலியை இறக்கச் சொல்லாமலே, பக்கத்தின் மேற்புறத்தில் பளிச்சென்று போட்டுவிடுங்கள் என்றேன் நான். இலவசமாகக் கொடுத்துவிட்டால் ஏன் இறக்குவான் என்று கேட்டார்கள். நேரம் மட்டும் வேண்டியவன் எப்படியும் செயலியை வைத்துக்கொள்ளப் போவதில்லை. இறக்கி, பார்த்து, மறுநாள் அழித்து, ஒற்றை நட்சத்திரமும் இட்டுவிட்டுப் போவான். கேட்டதைக் கொடுத்தபின், 'நடக்கவும் போகிறீர்களா?' என்று விசாரிக்கும் பக்கத்தையே மனிதர்கள் நம்புகிறார்கள். தர்க்கத்தில் நான் வென்றேன் என்று சொல்லமாட்டேன். வயதுக்கு மரியாதை கொடுத்து விட்டுக்கொடுத்தார்கள்.

பொத்தான் ஒன்றே இருக்கவேண்டும். அது கட்டைவிரலுக்கு எட்டவேண்டும். தொடுவதற்குரிய பரப்பு ஆப்பிள் வகுத்த நெறிப்படி 44 அலகுக்கும், ஆண்டிராய்டு நெறிப்படி 48 அலகுக்கும் குறையலாகாது. நடந்துகொண்டே தொடுகிறவனுக்கு இன்னும் பெரிதாயிருந்தாலும் தகும். வந்த கைபேசி ஆண்டிராய்டு என்றால் கூகுள் பிளே சின்னத்தையும், ஐஃபோன் என்றால் ஆப் ஸ்டோர் சின்னத்தையும் மட்டும் காட்டுவது முறை. அச்சின்னங்களின் நிறத்தையோ வடிவத்தையோ நம் ரசனைக்கேற்ப மாற்றுதற்கு அந்நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை. க்யூ.ஆர். கட்டம் கணினித் திரையில் பார்ப்பவருக்கு மாத்திரமே உரியது. கைபேசியில் திறந்த பக்கத்தில் அதைப் போட்டுவைத்தால், தன் முதுகைத் தானே பார்க்கச் சொல்வதாகும். 1994-இல் ஜப்பானில் மோட்டார் உதிரிபாகங்களை அடையாளங்காணப் பிறந்த அந்தக் கட்டம், இன்று எங்கள் சாலையில் இளநீர் வண்டியிலும் தொங்குகிறது. ஆகவே அதை எப்படிப் பிடிப்பது என்று யாருக்கும் கற்பிக்கவேண்டியதில்லை. சுவரொட்டியில் அச்சிடும்போது சுற்றிலும் 4 சிறு கட்ட அகலத்துக்கு வெள்ளை ஓரம் விட மறவாதீர்கள். கட்டம் செயலிக் கடையின் முகவரிக்கு நேரே போகாமல் உங்கள் பக்கத்தின் முகவரிக்கு வரும்படி செய்யுங்கள். கடையின் முகவரி பின்னால் மாறினாலும் ஒட்டிய சுவரொட்டியை உரிக்கவேண்டிய அவசியம் நேராது.

இனித் தமிழ் எழுத்தைப் பற்றி. ஆங்கிலத்தில் வரைந்து முடித்த பக்கத்தில் தமிழைக் கொண்டுவந்து ஊற்றுவதால் விளையும் விகாரங்களைக் கண்டு மனம் நொந்தவன் ஆகையால், இதைச் சற்று நின்று சொல்ல விரும்புகிறேன். 'திருவண்ணாமலை' என்பது நம் கண்ணுக்கு 7 எழுத்து. கணினிக்கோ, உயிர்மெய்யின் கொக்கியும் காலும் புள்ளியும் தனித்தனி உருப்படிகளாதலால் 12, யு.டி.எஃப்-8 முறையில் சேமிக்க ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டாக 36 பைட்டு. கூகுள் பிளேயில் செயலியின் பெயருக்கு 30 உருப்படியும், சிறுவிளக்கத்துக்கு 80 உருப்படியுமே இடம் என்பதால், ஊர்ப்பெயர் ஒன்றே பெயரில் ஐந்தில் இரண்டு பங்கை விழுங்கிவிடுகிறது. எனவே ஆங்கிலப் பெயரை நீளமாக வைத்து, பிறகு தமிழாக்கிக்கொள்ளலாம் என்று இருப்பவர்கள் கடைசி நாளில் வெட்டத் தொடங்குகிறார்கள். வெட்டு புள்ளிக்கு முன்னே விழுந்தால் 'ண்' என்பது 'ண' ஆகி நிற்கும். தமிழ்ப் பெயரை முதலில் வையுங்கள். 'கிரிவலத் துணை' என்பது 13 உருப்படிதான்.

தமிழில் மேலும் கீழும் நீளும் குறிகள் மிகுதி, மேல்வரியின் 'ழு'வும் கீழ்வரியின் 'லி'யும் மோதிக்கொள்ளாதிருக்க, வரியின் உயரத்தை எழுத்தின் அளவைப்போல் ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் வைக்கவேண்டும், நான் 1.6 வைக்கிறேன். தலைப்புக்கு அழகென்று எழுத்துகளுக்கிடையே இடம் விரிக்கும் வழக்கத்தை ரோமன் எழுத்துக்கே விட்டுவிடலாம். வாசகத்தைப் படத்துக்குள் வரைந்து ஒட்டுவதையும் தவிருங்கள். தமிழைச் சரிவரக் கோக்கத் தெரியாத பழைய வரைகலை மென்பொருளில் 'கொ' என்று அடித்தால், ஒற்றைக்கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் விழுவதுண்டு. அப்படி விழுந்த கொம்போடு அச்சாகி, இந்தச் சாலையிலேயே ஓர் ஆண்டு தொங்கிய பலகை ஒன்றை நான் தினமும் வணங்காத தெய்வம்போல் கடந்து போயிருக்கிறேன். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், கேடமரான் ஆகிய எழுத்துருக்கள் விலையின்றிக் கிடைப்பவை. ஒன்றைத் தேர்ந்து, இரண்டு கனத்தோடு நிறுத்திக்கொள்வது போதும்.

நிறத்தில் இந்த ஊருக்கென்று ஒரு சபலம் உண்டு. ஆன்மிகம் என்றதும் காவி; காவி என்றதும் வெண்பரப்பின்மேல் காவி எழுத்து. தேசியக் கொடியின் மேற்பட்டைக்கு இணையத்தில் பலரும் எடுத்தாளும் காவி நிறத்தை வெள்ளையின்மேல் வைத்துக் கணக்கிட்டால் வேறுபாட்டு விகிதம் 2.1-க்கு 1 தான் வருகிறது. சாதாரண அளவு எழுத்துக்கு 4.5-க்கு 1 வேண்டும் என்பது சர்வதேச அணுகல் நெறி. தெருவிளக்கின் கீழே மூக்குக்கண்ணாடி இல்லாமல் படிக்கும் அறுபது வயதுக்காரருக்கு அந்த எழுத்து இல்லாததற்குச் சமம். காவியைப் பரப்புக்கு வைத்து அதன்மேல் கறுப்பு எழுத்தை எழுதினால் சபலமும் தீரும், பார்வையும் பிழைக்கும். படம் வேண்டுமானால் மலையைப் போடாதீர்கள். அது வந்தவரின் எதிரிலேயே நிற்கிறது. செயலியின் திரையைப் போடுங்கள், அதுவும் தமிழில் இயங்கும் மெய்யான திரையை, 'அடுத்த குடிநீர் 400 மீட்டர்' என்று எழுத்து தெரியும்படியாக.

பௌர்ணமி இரவில் லட்சக்கணக்கானோர் ஒரே பாதையில் நடக்கும்போது, கோபுரங்களெல்லாம் கைபேசிக் கோபுரங்களாயிருந்தாலும் நெட் கிடைக்காது என்பது எங்கள் தெருவில் குழந்தைக்கும் தெரியும். பக்கத்தின் பிரதான உருவம் இரண்டரை விநாடிக்குள் கண்ணுக்குத் தெரியவேண்டும் என்பது கூகுள் வகுத்த அளவுகோல். அதைப் பெங்களூர் அலுவலகத்து வைஃபையில் அளந்து திருப்தியடைந்தவர்கள் பலர். கைபேசியில் எடுத்த படம் சாதாரணமாக 3, 4 மெகாபைட் இருக்கும்; வெப்பி வடிவத்துக்கு மாற்றி, திரைக்கு வேண்டிய அகலத்துக்குச் சுருக்கினால் 100 கிலோபைட்டுக்குள் அடங்கும். முழுப்பக்கமும் 500 கிலோபைட்டைத் தாண்டலாகாது என்பது என் சொந்தக் கட்டளை. தானே ஓடும் வீடியோ கூடாது.

வாட்ஸ்அப்பில் சுட்டியை அனுப்பும்போது தோன்றும் சிறு அட்டையும் அறிமுகப் பக்கமே. பலர் அதைத் தவிர வேறொன்றையும் பார்ப்பதில்லை. அதற்குரிய தலைப்பு, விளக்கம், படம் ஆகியவற்றின் குறிகளைப் பக்கத்தின் மூலநிரலிலேயே நேரடியாக எழுதிவைக்கவேண்டும். பக்கம் திறந்தபின் நிரல் ஓடி நிரப்பும்படி விட்டால் அட்டை வெறுமையாய்ப் போகும். இனி மொழி விஷயம். இவ்வூருக்கு ஆந்திரத்திலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் வருவோர் திரளானவர். குளிர்காலத்தில் ஆசிரமத்தைச் சுற்றி வெளிநாட்டார் மிகுதி. தமிழ், தெலுங்கு, ஆங்கிலம் என்னும் மூன்று மொழியையும் ஒரே பக்கத்தில் கலக்காமல், மொழிக்கொரு பக்கமாக அமைத்து, மேலே ஒவ்வொரு மொழியின் பெயரையும் அதனதன் லிபியிலேயே எழுதிவிட்டால் வேலை முடிந்தது. கொடிப்படம் வேண்டாம், தெலுங்குக்கு எந்தக் கொடி போடுவீர்கள்?

நேர்மையைப் பற்றிச் சட்டமே இப்போது பேசத் தொடங்கிவிட்டது. 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் 13 வகைத் தந்திரங்களைப் பெயர் சொல்லித் தடுக்கின்றன. இல்லாத அவசரத்தை உண்டாக்கி, 'இன்னும் 10 நிமிடமே' என்று கடிகாரத்தை ஓடவிடுவது அவற்றுள் ஒன்று. மறுப்பவரை வெட்கப்படுத்துவது மற்றொன்று. பிள்ளைகளில் ஒருவன் விளையாட்டாக, இறக்க விரும்பாதவர் தொடுவதற்கென்று 'வேண்டாம், எனக்குப் புண்ணியம் தேவையில்லை' என்று எழுதியிருந்தான், சிரித்துவிட்டு அழித்தோம். எங்கள் செயலி இருப்பிடத்தைக் கேட்கிறது. அது எதற்கு, எங்கே சேமிக்கப்படுகிறது, எப்போது அழிக்கப்படுகிறது என்பதைப் பொத்தானுக்கு அருகிலேயே இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டோம். அதே ஆண்டு இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், இத்தகைய அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் எதிலோ படிக்கும் வாய்ப்பைத் தரவேண்டும் என்கிறது. பணம் உண்டென்றால் தொகையை முதலிலேயே எழுதுங்கள்; 'இலவசம்' என்று எழுதி உள்ளே கட்டணம் கேட்பவனைக் கிரிவலக்காரன் மறக்கமாட்டான்.

வேங்கடராமனை முதலில் வழிதவறச் செய்தது கைகாட்டியன்று, பழைய தேசப்படம். விழுப்புரத்திலிருந்து ரயில்பாதை போட்டாகிவிட்டது. படத்தில் அது ஏறவில்லை. போன மாதப் பௌர்ணமி நேரத்தையே இந்த மாதமும் காட்டிக்கொண்டிருக்கும் பக்கம் அத்தகைய படந்தான். அதைவிட வெறும் பக்கமே மேல். ஆகவே நேரத்தைத் திருத்தும் பொறுப்பு யாருடையது, எந்தத் தேதியில் என்பதை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். 'கடைசியாகத் திருத்தியது' என்று பக்கத்தின் அடியில் தேதி போடுங்கள். எல்லாம் முடிந்தபின், அடுத்த பௌர்ணமியன்று இரவு 9 மணிக்கு, கூட்டம் நெருக்கும் செங்கம் சாலையில் நின்று, வைஃபையை அணைத்துவிட்டு, உங்கள் பக்கத்தை ஒற்றைக் கையால் ஒருமுறை திறந்து பாருங்கள்.